என் அசல் சைக்கிளும் ஒரு டெனிமும்

தீவுப்பகுதிக் கரம்பொனில், எங்கள் வீட்டு விறாந்தையில், நான் மல்லாக்கக் கிடந்தேன். இரண்டு கால்களும் ஒரு டெனிம் காற்சட்டைக்குள் தொடைவரை போயிருந்தன. அதற்கு மேலே போக மறுத்துவிட்டன. திரும்பி வெளியே வரவும் மறுத்துவிட்டன. மானத்தைக் காப்பாற்ற இடுப்பில் சாரம் இருந்தது. மற்றபடி என்னிடம் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

மருமகள் தர்சினி கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றாள்.

“மாமா, மூச்சை உள்ளுக்கு இழுங்கோ.”

“இழுத்திட்டன் பிள்ளை. இனி இழுக்கிறதுக்கு மூச்சில்லை.”

“இன்னும் கொஞ்சம். பட்டன் பூட்டினால் போதும், படம் எடுத்திடுவன்.”

பட்டன் இருந்த இடத்துக்கும் அதன் துளை இருந்த இடத்துக்கும் நடுவே என் அறுபத்தேழு வயதும் குந்திக்கொண்டிருந்தது. குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி யோகம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“விழுந்து கிடந்து எழும்பேலாமல் கிடக்கிறது உங்களுக்குப் புதுசே?” என்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதற்கு முன், தர்சினி யார், அந்த டெனிமுக்குள் நான் ஏன் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பலகையில் என் பெயர்

தர்சினி என் தங்கையின் மகள். கனடாவில் கடை வைத்திருக்கிறாள். அங்கே புதிய பொருள் எதுவும் கிடையாது. பழைய சைக்கிள்களும் பழைய டெனிம்களும்தான். நாங்கள் எறிவதற்கு யோசிக்கிற சாமானை அந்த ஊர் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்களாம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு, என்னையும் ஒருநாள் வாங்கிப் போவார்கள் என்று ஓர் ஆறுதல் வந்தது.

நான் பத்திரிகையில் எழுதிவரும் இந்தத் தொடரின் எட்டாம் வாரத்தை அவள் வாசித்திருக்கிறாள். நினைவிருக்கும் வாசகர்களுக்கு நன்றி, மறந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்த வாரம் முழுவதும் என் இங்கிலாந்துச் சைக்கிளின் புகழ்தான். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே சைக்கிள், பெல்லைத் தவிர ஒரு பாகமும் மாற்றவில்லை, தீவுப்பகுதியின் உப்புக் காற்று எத்தனை வீட்டு இரும்புக் கதவுகளைத் தின்றிருக்கிறது, என் சைக்கிளை மட்டும் அது நக்கிக்கூடப் பார்க்கவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தேன். நல்ல பொருள் நல்ல மனிதனிடம்தான் நிலைக்கும் என்று முடித்திருந்தேன். அந்த நல்ல மனிதன் யார் என்று வாசகர்கள் திணறக்கூடாது என்பதற்காக என் புகைப்படமும் கொடுத்திருந்தேன்.

அதை வாசித்துவிட்டுத்தான் தர்சினி விமானம் ஏறினாள். அவளுடைய கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு வருடத்துக்கு என் சைக்கிளையும் டெனிமையும் வைப்பாள். மேலே ஒரு பலகை. அதில் என் படம், என் பெயர். கீழே, ‘ஒரே மனிதர், ஒரே சைக்கிள், ஒரே டெனிம்’.

“ஒண்டுதான் மாமா. எல்லாம் அசலாய் இருக்கவேணும். அங்கை வாற சனம் விசயம் தெரிஞ்ச சனம். ஒரு ஆணி மாறியிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவினம்.”

“நீ பயப்பிடாதை. இஞ்சை மாறினது நான் மட்டும்தான்,” என்றேன்.

அந்தப் பலகை வேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நாற்பது வருடம் சிறு நகரத்துக் கடைகளில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவனுக்கு யார் பலகை வைப்பார்கள்? பலகை என்ன நிறம், எழுத்து எத்தனை பெரிது என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது குசினிக்குள் ஒரு சட்டி பலமாக வைக்கப்பட்டது.

நயினாதீவில் நான் பக்தனான கதை

டெனிம் எனக்கு ஒரு கப்பல்காரனிடமிருந்து வந்தது. கப்பலில் வேலை செய்த ஒன்றுவிட்ட அண்ணன் அவன். நான் கலியாணம் கட்டாமல் திரிந்த காலம். “இது கிழியாது, நீ கிழிஞ்சாலும் இது கிழியாது,” என்று சொல்லித் தந்தான். அவன் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

அந்த நாளில் கரம்பொனில் டெனிம் போட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எங்கள் வெக்கைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. தோய்த்துக் கொடியில் போட்டால் இரண்டு நாள் காயாது. காய்ந்தபின் கொடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தால் தானாக நிற்கும். உள்ளே நான் இருக்கிறேனா இல்லையா என்ற கவலையே அதற்கு இருக்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு நயினாதீவுத் திருவிழாவுக்குப் புறப்பட்டேன். குறிகட்டுவான்வரை சைக்கிள். காரைநகரில் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரிடம் அப்போதுதான் வாங்கிய சைக்கிள். ஆக, மேலே சைக்கிள் பெருமை, கீழே டெனிம் பெருமை. துறையில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு வள்ளத்தில் ஏறினேன். என்னைப் பலரும் பார்க்கட்டும் என்று வள்ளத்தின் முன்பக்கத்தில் நின்றேன். கடல் தண்ணீர் முழுவதும் என்மேலேயே அடித்தது.

கரைக்கு வந்து வெயிலில் கால்மணித்தியாலம் நின்றதும் உப்பு காய்ந்தது. டெனிம் பலகையாகிவிட்டது. முழங்காலை மடக்க முடியவில்லை. கோயிலுக்குள் இந்த உடுப்போடு போகக்கூடாது என்பது தெரியும். சேட்டைக் கழற்றிவிட்டு வெளிவீதியில் நின்று கும்பிடலாம் என்று நினைத்தேன். எல்லோரும் விழுந்து கும்பிடுகிறார்களே, நான் மட்டும் நிற்பதா என்று நானும் விழுந்தேன்.

விழுவது சுலபமாக இருந்தது. எழும்பத்தான் முடியவில்லை. கால்கள் இரண்டும் நீட்டியபடியே கிடந்தன. சுடுமணல் நெஞ்சைப் பொசுக்கியது. அம்மாளாச்சி, என்னை எழுப்பிவிடு என்று மனமுருகி வேண்டினேன். என் வாழ்நாளில் நான் மனமுருகிச் செய்த பிரார்த்தனை அது ஒன்றுதான். கடைசியில் இரண்டு பேர் வந்து என்னை ஒரு மரத்தைத் தூக்குவதுபோலத் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

தூக்கியவர்களில் ஒருவர் யோகத்தின் தகப்பனார். “என்ன பக்தி, என்ன பக்தி” என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்று மாதத்தில் கலியாணப் பேச்சுக்கால் வந்தது. மனிதர் கண்மூடும்வரை என்னை ஒரு பெரிய பக்தன் என்றே நம்பினார். உண்மை தெரிந்த ஒரே ஆள் யோகம். கலியாணமான இரண்டாம் நாளே நான் உளறிவிட்டேன்.

திரும்பிவரும் வழியில் புங்குடுதீவுத் தாம்போதிப் பாதையில் டெனிமின் வலக்கால் கரை செயினுக்குள் மாட்டியது. சைக்கிளோடு இடப்பக்கம் சாய்ந்து விழுந்தேன். டெனிமில் ஒரு கிறீஸ் கறை. முன் மட்காட்டின் இடப்பக்கத்தில் ஒரு நெளிவு. இரண்டும் இன்றுவரை இருப்பதுதான் என் சைக்கிளும் டெனிமும் அசல் என்பதற்குச் சாட்சி என்று எட்டாம் வாரத்தில் எழுதியிருந்தேன்.

முழங்கால் மட்டும் மேலே ஏறாது

இனி விறாந்தைக்கு வருகிறேன். பாவம், அங்கே நான் இன்னும் கிடக்கிறேன்.

யோகம் என் தோள்களைப் பிடித்துக்கொள்ள, தர்சினி கால்பக்கமிருந்து டெனிமை இழுத்தெடுத்தாள். படத்துக்கு வேறு வழி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதை முற்றத்தில் ஒரு பாயில் விரித்தாள். அளவுநாடாவை எடுத்தாள். குனிந்து, முன்னும் பின்னும் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

“மாமா, உங்கட உயரம் என்ன?”

“அஞ்சடி பத்து. இப்ப ஒன்பதாயிருக்கும்.”

“டெனிம் ஒரு பொல்லாத துணி. போட்ட ஆளின்ர முழங்கால் எங்கை மடியுதோ, அங்கைதான் வெளிறும். உங்கட முழங்கால் இஞ்சை வரவேணும். இஞ்சை நீலம் அப்பிடியே கிடக்கு. வெளிறியிருக்கிறது நாலு விரல் மேல.” கால்கரையைத் தூக்கிக் காட்டினாள். “கீழ பாருங்கோ, மூண்டு மடிப்பு மடிச்ச தடம். இதைக் கனகாலம் போட்டது உங்களைவிடக் கட்டையான ஆள்.”

“தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருங்கியிருக்கும்.”

“சுருங்கினால் முழுக்கச் சுருங்கும் மாமா. முழங்கால் மட்டும் மேல ஏறாது.”

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் கவனித்ததை வைத்து ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

“சரி, டெனிமை விடு. சைக்கிளைப் பார்,” என்றேன்.

எனக்குச் சைக்கிளில் அசைக்கமுடியாத நம்பிக்கை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வருடாவருடம் கிராமசபையில் லைசென்ஸ் எடுக்கவேண்டும். அந்தத் துண்டில் சைக்கிளின் இலக்கத்தையும் எழுதித் தருவார்கள். என்னுடைய துண்டு ஒன்று, நான் வேலை செய்த தெற்கத்தி நகரத்தில் என் தகரப் பெட்டிக்குள் கிடந்ததால், சண்டைக் காலத்தில் ஊரில் எல்லாம் போனபோதும் தப்பிவிட்டது. அதை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சபையில் தீர்ப்பு வாசிப்பவன்போல நின்றேன்.

தர்சினி சைக்கிளை நிலத்தில் சரித்தாள். பெடல் அச்சுக்குக் கீழே அடைந்திருந்த கிறீசை ஒரு குச்சியால் சுரண்டினாள். இலக்கம் தெரிந்தது. நான் துண்டைப் பார்த்து வாசித்தேன். அவள் சைக்கிளைப் பார்த்து வாசித்தாள். முதல் எண்ணிலேயே இரண்டு பேரும் பிரிந்துபோனோம். கடைசி எண்வரை ஓரிடத்திலும் சந்திக்கவில்லை.

“நீ தலைகீழாய் வாசிக்கிறாய்.”

“நீங்கள் வந்து வாசியுங்கோ.”

அன்று இரண்டாம் தரமாக நிலத்தில் கிடந்தேன். நேராகப் பார்த்தாலும் தலைகீழாகப் பார்த்தாலும் அது என் இலக்கம் இல்லை. தர்சினி தொலைபேசியில் எட்டாம் வாரத்தைத் திறந்து, மட்காட்டைத் தடவினாள்.

“மாமா, விழுந்தது இடப்பக்கம் எண்டுதானே எழுதியிருக்கிறீங்கள்?”

“ஓம்.”

“நெளிவு வலப்பக்கமெல்லோ இருக்கு.”

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த நெளிவைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டவன் நான். அது எந்தப் பக்கம் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

ஒரு கள்ளனைக் கண்டுபிடித்தேன்

பலகை என் கண்முன்னே சரிவதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை, ஒரு கள்ளன்தான் வேண்டியிருந்தது. உடனே கிடைத்தான். போன வருடம் ஊர்காவற்றுறையில் சைக்கிளைத் திருத்தக் கொடுத்து ஒரு கிழமை கழித்துத்தான் எடுத்தேன். அந்தத் திருத்துநர் ஒரு வாயில்லாப் பூச்சி. நாலு பிள்ளைகளின் தகப்பன். என் சைக்கிளை வைத்துக்கொண்டு வேறொன்றைத் தந்துவிட்டான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நெளிவைக் கூடப் பார்த்து அடித்திருக்கிறான், எவ்வளவு துணிச்சல் என்று கத்தினேன்.

சேட்டைப் போட்டேன். ஒரு பட்டனைத் தவறான துளையில் போட்டேன். நாலு பேருக்கு முன்னால் அவனைக் கேட்காமல் விடமாட்டேன் என்று வாசல் படலைப் பக்கம் நடந்தேன்.

“சேட்டைக் கழட்டுங்கோ,” என்றாள் யோகம்.

கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. மற்றக் கையில் ஒரு சின்னத் திறப்பு. எங்கள் அறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் அது எப்போதும் தொங்கும். பழைய அலுமாரித் திறப்பு என்று நினைத்திருந்தேன்.

“ஒருத்தரையும் போய்க் கேக்கத் தேவையில்லை. அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது. உங்கட சைக்கிளை நான்தான் விட்டிட்டு வந்தனான். பூட்டிப்போட்டு வந்தனான். இதுதான் திறப்பு.”

நான் திரும்பி வந்து கதிரையில் குந்தினேன். அதுவாவது எனக்கு அன்று சரியாக அமைந்தது.

சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாளில் நான் தெற்கே கடையில் நின்றேன். யோகம் ஒன்றரை வயது மகனோடு இங்கே தனியாக. எனக்குத் தெரிந்த கதை, அவள் மகனையும் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதுதான். அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

“சாமானும் பிள்ளையும் வைச்சுத் தள்ளிக்கொண்டு கரைவரைக்கும் கொண்டு போனனான்,” என்றாள் யோகம். “கடைசி வள்ளம் அதுதான் எண்டினம். சனம் நெருக்குது. வள்ளக்காரர் சொன்னார், ‘தங்கச்சி, சைக்கிளை ஏத்தினால் ரெண்டு சனத்தை இறக்கவேணும். நீர்தான் சொல்லும்.’ எனக்குப் பின்னால ஒரு தாயும் மகளும் நிண்டவை. தாய்க்குக் கால் ஏலாது. அவை ஒண்டும் கேக்கேல்லை. சும்மா நிண்டினம்.”

“பேந்து?”

“பேந்து என்ன? பூவரசோட சாத்திப் பூட்டினன். பிள்ளையைத் தூக்கினன். உங்கட டெனிமுக்குள்ளதான் அவனைச் சுத்திக்கொண்டு போனது. வீட்டில இருந்த துணியளில அதுதான் நல்ல தடிப்பானது. கடல் அடிச்சும் அவன் நனையேல்லை.”

துவக்குச் சத்தத்துக்கு ஓடுகிற ஊரில், இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்த கரையில், சைக்கிளைப் பூட்டித் திறப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எங்கள் தீவுக்காரர் எல்லோரும் அப்படித்தான். கூரை போன வீட்டுக்கும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனோம்.

“அந்தத் தாயும் மகளும் ஆர் மாமி?” என்று தர்சினி கேட்டாள்.

“தெரியாது பிள்ளை. பேர்கூடக் கேக்கேல்லை. கரை ஏறினாப்பிறகு அந்த மனிசி என்ர கையை ஒருக்காப் பிடிச்சுது. அவ்வளவுதான்.”

அப்படியென்றால் இது?

“அப்ப இந்தச் சைக்கிள்?” என்றேன்.

“இது நான் செய்தது.”

அக்கரையில் அவர்கள் ஒதுங்கியிருந்த வீட்டுக்கும் அவளுக்குப் படிப்பிக்கக் கிடைத்த பள்ளிக்கூடத்துக்கும் நெடுந்தூரம். பஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது. பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரரின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக அவர் கழித்துப்போட்ட பாகங்களிலிருந்து வேண்டியதை எடுக்க விட்டார். ஓரிடத்தில் சட்டம், ஓரிடத்தில் சில்லு, ஓரிடத்தில் கைபிடி. ஒன்றரை வருடத்தில் ஒரு சைக்கிள் எழும்பியது. நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிள். சாறியோடு ஏறமுடியாது.

“அதுக்குத்தான் உங்கட டெனிம்,” என்றாள். “மூண்டு மடிப்பு மடிச்சு, மேல நீளச் சட்டை. விடிய இருட்டோட வெளிக்கிடுவன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒரு ரீச்சர் வீட்டில சாறி மாத்துவன். ரயர் வெடிச்சால் போடுறதுக்கு ரயர் இல்லை. பின் பொக்கற்றை வெட்டி உள்ளுக்கு வைச்சுத்தான் ஓடினனான்.”

தர்சினி டெனிமைத் திருப்பிப் பார்த்தாள். பின் பொக்கற் ஒன்று இருந்த இடத்தில் கரு நீலச் சதுரம் மட்டும் இருந்தது. அதையும் நான் ஒருநாளும் கண்டதில்லை.

“அந்த நெளிவு?”

“நீங்கள் வரப்போறீங்கள் எண்டு அறிஞ்ச உடன சுத்தியலால அடிச்சனான். எந்தப் பக்கம் எண்டு மறந்துபோச்சு. நீங்கள் கண்டுபிடிச்சிடுவீங்கள் எண்டு ரெண்டு நாள் நித்திரை இல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்கவேண்டும். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

அவள் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டாள்.

“சொல்லத்தான் இருந்தனான். உங்கட கடிதம் முந்திக்கொண்டுது.”

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் அக்கரைக்குப் போனபின் நான் தெற்கிலிருந்து எழுதிய முதல் கடிதம். யார் யாரோ கைமாற்றி மாதக்கணக்கில் அலைந்து அவளிடம் போய்ச் சேர்ந்தது. சைக்கிளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர் என்று நம்புகிறேன் என்றுதான் தொடங்கினேன். பிறகு மழையில் விடவேண்டாம், செயினுக்கு எண்ணெய் விடவும், ஒருவருக்கும் இரவல் கொடுக்கவேண்டாம். நீரும் பிள்ளையும் சுகமா என்று கேட்டது நாலாவது வரியில்.

பயத்தில் எழுதினேன் என்று சொல்லலாம். பெரியதைக் கேட்கப் பயந்து சின்னதைக் கேட்டேன் என்று சொல்லலாம். எழுதுகிறவனுக்குச் சாட்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்தது வெட்கம்தான். வெறும் வெட்கம்.

“வந்த அண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன்,” என்றாள் யோகம். “நீங்கள் என்னடாவெண்டால் நேரே போய் அந்தச் சீற்றைக் கட்டிப்பிடிச்சு அழுதனீங்கள். பாவமாய் இருந்தது. சிரிப்பாயும் இருந்தது. அண்டையில இருந்து அதை நீங்கள் எடுத்தனீங்கள். எனக்குத் திரும்பத் தரேல்லை.”

உப்புக் காற்று ஏன் அந்தச் சைக்கிளைத் தின்னவில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். சனிக்கிழமைகளில் எனக்கு முழுக்குக்கு எண்ணெய் வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு துணியில் தொட்டு அவள் சைக்கிளுக்குத் தேய்த்திருக்கிறாள். இங்கிலாந்து இரும்பு என்று நான் பத்திரிகையில் எழுதினேன்.

கண்ணாடிக்குள் போனது

தர்சினி கண்ணைத் துடைத்துவிட்டு டெனிமை யோகத்திடம் நீட்டினாள். “மாமி, ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ.”

“விசரே உனக்கு?” என்று சொல்லிக்கொண்டே அவள் அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் போன சட்டையோடேயே வெளியே வந்தாள். டெனிம் மடித்தபடி கையில் இருந்தது.

“ஏறிச்சுதோ மாமி?”

“எனக்கு ஏறும்,” என்றாள் யோகம். என் பக்கம் பார்க்கவில்லை.

பலகையில் இனி யோகேஸ்வரி என்றுதான் போடவேண்டும் என்றாள் தர்சினி. நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? ஆனால் யோகம் சைக்கிளைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். டெனிமையும் தரமாட்டாளாம்.

“ரெண்டும் எனக்குத் தேவை.”

“உமக்கு இனி என்ன தேவை?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“கோயிலுக்குப் போகவேணும், சங்கக்கடைக்குப் போகவேணும். இவ்வளவு நாளும் நீங்கள் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான். இனி ஏலாது.”

கடைசியில் தர்சினி கொண்டுபோனது அந்தத் திறப்பு ஒன்றைத்தான். அதை எடுத்துக் கொடுத்தது யோகம்தான். கனடாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள், பூட்டே இல்லாத ஒரு திறப்பு இப்போது தொங்குகிறது. மேலே பலகை. நல்ல பெரிய எழுத்து என்று தர்சினி எழுதியிருந்தாள். என் படம் இல்லை.

எட்டாம் வாரத்தில் எழுதியவற்றுக்காக வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஊர்காவற்றுறைத் திருத்துநரிடமும். அவர் ஏன் என்று தெரியாமல் விழிப்பார்.

இதை எழுதி முடித்ததும் வழக்கம்போல யோகத்திடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாள். நீளச் சட்டை, கீழே மூன்று மடிப்பு மடித்த டெனிம். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, மற்றக் கையில் தாள்களை வைத்துக்கொண்டு நின்ற நிலையில் கடைசிவரை வாசித்தாள்.

“ஒரு பிழை இருக்கு,” என்றாள்.

“எங்கை?”

“எங்களைச் சுகமோ எண்டு கேட்டது நாலாவது வரியில இல்லை. ஆறாவது வரியில.”

தாள்களை என்னிடம் தந்துவிட்டு, பெடலில் ஒரு காலை வைத்து இரண்டு தரம் உந்தி, மற்றக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். சைக்கிள் ஒருமுறை ஆடி நேரானது.

“கவனம்!” என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “ஆருக்குச் சொல்லுறீங்கள்? எனக்கோ, சைக்கிளுக்கோ?”

உமக்குத்தான் என்று நான் சொல்வதற்குள் படலையைத் தாண்டிப் போய்விட்டாள்.